மேனேஜ்டு கேரில் நோயாளிக்கு நல்லது செய்வது யார் வேலை?

கேள்வி இது: "எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். மருத்துவ அறநெறிப் பாடத்தில் பெனிஃபிசென்ஸ், அதாவது நோயாளிக்கு நன்மை செய்யும் கடமை, முக்கியமான கோட்பாடாக வருகிறது. அமெரிக்காவின் மேனேஜ்டு கேர் முறையில் எந்தச் சிகிச்சை, எத்தனை நாள் என்பதைக் காப்பீட்டு நிறுவனமே அனுமதிக்கிறது அல்லது மறுக்கிறது. அப்படியானால் அங்கே இந்தக் கடமைக்கு இடம் உண்டா? இருந்தால் அது யாரைச் சேர்ந்தது?"

இடம் உண்டு. உங்கள் இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் சிகிச்சையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தில் பெரும்பகுதி நோயாளியின் கட்டிலருகே இருந்து காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டது. கடமை கூடவே போகவில்லை. அது டாக்டர், நர்ஸ் தலையிலேயே நிற்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நான் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பத்து வருடத்துக்கு மேல் கேஸ் மேனேஜ்மென்ட் நர்ஸாக இருந்தவள். முந்தைய இரவு சேர்ந்தவர்களின் குறிப்புகளைக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பி, "இவருக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பதுதான் காலையில் என் முதல் வேலை. அந்தப் பக்கத்தில் ஃபோன் எடுப்பவரும் பெரும்பாலும் ஒரு நர்ஸ்தான். அதனால் ஒரு பக்கம் தேவர்கள், மறுபக்கம் அசுரர்கள் என்று என்னால் எழுத முடியாது.

முதலில் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதர்களைக் காக்க அமெரிக்க அரசுக் குழு 1979இல் வெளியிட்ட பெல்மான்ட் அறிக்கை, மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி என்று மூன்றைச் சொன்னது. அதே ஆண்டில் டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரெஸ் என்ற இருவர் மருத்துவம் முழுவதற்குமாக நான்கு கோட்பாடுகளை வகுத்தார்கள். நோயாளியின் தன்விருப்பம், தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நீதி. உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பது இந்த நான்குதான்.

இதில் தீங்கு செய்யாமையும் நன்மை செய்தலும் ஒன்று போலத் தோன்றும். ஒன்றல்ல. மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடாமல் இருப்பது தீங்கு செய்யாமை. வீட்டுக்குக் கிளம்பும் முதியவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, "இன்சுலின் ஊசியை நீங்களே போட்டுக்கொள்ளத் தெரியுமா? எங்கே, ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்பது நன்மை செய்தல். முன்னதைச் சும்மா இருந்தே நிறைவேற்றிவிடலாம். பின்னதற்கு யாராவது எழுந்து போக வேண்டும், நேரம் செலவழிக்க வேண்டும், சில சமயம் யாரிடமாவது சண்டை போட வேண்டும். மேனேஜ்டு கேரில் சிக்கல் வருவது இந்த மூன்றாவது இடத்தில்.

நம் பழைய மருத்துவ மரபு நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் என்று நான்கைத்தான் எண்ணியது. கிரேக்க மரபிலும் உறுதிமொழி எடுப்பது மருத்துவர், பலன் பெறுவது நோயாளி. பணம் கட்டும் மூன்றாம் ஆள் இந்தக் கணக்குகளில் வரவே இல்லை. அவர் அறைக்குள் நுழைந்த பிறகும் கோட்பாட்டைப் பழைய கணக்கிலேயே படிக்கிறோம். குழப்பம் பாதி அங்கிருந்தே வருகிறது.

அந்த ஆள் எப்படி உள்ளே வந்தார்? இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வில்லத்தனமாகத் தொடங்கவில்லை. 1933இல் கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில், கொலராடோ ஆற்றுத் தண்ணீரை லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கொண்டுவரக் கால்வாய் வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். சிட்னி கார்ஃபீல்ட் என்ற இளம் டாக்டர் டெஸர்ட் சென்டர் என்ற இடத்தில் 12 படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி திறந்தார். கை முறிந்து வந்தால் கட்டுப்போட்டார், பில் அனுப்பினார். பணம் சரியாக வரவில்லை. ஆஸ்பத்திரி மூடும் நிலைக்குப் போனது. அப்போது வேறு ஏற்பாடு செய்தார்கள். வேலையில் ஏற்படும் காயங்களுக்காக, தொழிலாளி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 சென்ட் என்று காப்பீட்டு நிறுவனம் முன்கூட்டியே கொடுத்துவிடும். மற்ற நோய்களுக்கும் பார்க்க வேண்டுமானால் தொழிலாளி தன் கையிலிருந்து இன்னொரு 5 சென்ட் தருவார்.

இதற்குப் பிறகு கார்ஃபீல்டின் பார்வையே மாறியது. அதுவரை யாராவது ஆணியை மிதித்தால் அவருக்கு வருமானம். இப்போது யாராவது ஆணியை மிதித்தால் அவருக்குச் செலவு. வேலைத்தளத்துக்கே போய், பலகைகளில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை அடித்து மடக்கச் சொன்னார். பாதுகாப்புக்கான இடங்களைச் சுட்டிக்காட்டினார். நோயாளி வராமல் இருப்பதே டாக்டருக்கு லாபம் என்ற தலைகீழ் ஏற்பாடு, நோய் வராமல் தடுப்பதில் டாக்டருக்கு அக்கறை வரவைத்தது. 1938இல் வாஷிங்டன் மாநிலத்தின் கிராண்ட் கூலி அணை, பிறகு போர்க்காலத்தில் ரிச்மண்ட் கப்பல் கட்டும் தளங்கள் என்று இந்த ஏற்பாடு வளர்ந்தது. 1945இல் பொதுமக்களுக்கும் திறந்தார்கள். காப்பீட்டையும் ஆஸ்பத்திரிகளையும் சேர்த்தே நடத்தும் இன்றைய கைஸர் பெர்மனென்டே என்ற அமைப்பின் தொடக்கம் அதுதான்.

மேனேஜ்டு கேரின் கரு இவ்வளவுதான்: பணம் முன்கூட்டியே ஒரே பொதிக்குள் வந்துவிடும், அதற்குள் இத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு எதிரானது பார்த்த வேலைக்குக் கூலி என்ற முறை. அதில் ஒவ்வொரு ஸ்கேனும் வருமானம், ஒவ்வொரு ஆபரேஷனும் வருமானம். பழைய முறையில்தான் டாக்டர் நோயாளியின் நலம் ஒன்றையே பார்த்தார், மேனேஜ்டு கேர் வந்து கெடுத்துவிட்டது என்று சிலர் ஏக்கத்தோடு எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேவையில்லாமல் கருப்பை எடுக்கப்பட்ட பெண்களிடம் அந்தப் பொற்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு முறை அளவுக்கு மிஞ்சிச் செய்யத் தூண்டும், மற்றது அளவுக்குக் குறைத்துச் செய்யத் தூண்டும். இரண்டிலும் பணம் காதில் ஏதோ ஓதிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, பிறகு என்ன ஆனது? 1970 வாக்கில் பால் எல்வுட் என்ற மருத்துவர் இந்த மாதிரி அமைப்புகளுக்கு ஹெல்த் மெயின்டனன்ஸ் ஆர்கனைசேஷன், சுருக்கமாக ஹெச்.எம்.ஓ., என்று பெயர் வைத்தார். அதிபர் நிக்ஸன் 1973 டிசம்பரில் ஹெச்.எம்.ஓ. சட்டத்தில் கையெழுத்திட்டார். 80களிலும் 90களிலும் லாப நோக்குள்ள நிறுவனங்கள் பெருமளவில் இறங்கின. கார்ஃபீல்டின் ஏற்பாட்டில் பணப்பொதியை வைத்திருந்தவரும் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். புதியவற்றில் பலவற்றில் அந்தக் கூரை இல்லை. பொதி ஒரு நகரத்தில், நோயாளி வேறு நகரத்தில். இடையில் ஃபேக்ஸும் ஃபோனும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் நீங்கள் பாடத்தில் படிக்கும் கருவிகள் எல்லாம் வந்தன. தலைக்கு மாதம் இவ்வளவு என்று டாக்டருக்குக் கொடுத்துவிடும் கேப்பிடேஷன். ஸ்பெஷலிஸ்டிடம் போகக் குடும்ப டாக்டரின் சீட்டு. முன் அனுமதி. படுத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேட்கும் யூடிலைசேஷன் ரிவ்யூ. காப்பீடு தராத சிகிச்சையைப் பற்றி நோயாளியிடம் பேசவே டாக்டரைத் தடுக்கும் ஒப்பந்தப் பிரிவுகள்கூடச் சில இடங்களில் இருந்தன. வாய்ப்பூட்டு என்றே அதைச் சொல்வார்கள். கண்டனம் எழுந்து, 90களின் பிற்பகுதியில் பல மாநிலங்கள் அதற்குத் தடை போட்டன. பிரசவம் ஆன மறுநாளே தாயையும் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவி, கடைசியில் நாடாளுமன்றமே 1996இல் சட்டம் போட வேண்டி வந்தது: காப்பீட்டுத் திட்டங்கள் சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரம், சிசேரியனுக்கு 96 மணி நேரத்துக்குக் குறைவாகத் தங்குவதைக் கட்டாயமாக்கக் கூடாது. பிள்ளை பெற்றவள் எத்தனை மணி நேரம் படுத்திருக்கலாம் என்று எம்.பி.க்கள் உட்கார்ந்து எண்ண வேண்டிய நிலை வந்ததே, அதை என்னவென்று சொல்வது!

இப்போது வழக்குகளுக்கு வருகிறேன். நான்கு கோட்பாடுகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த இரண்டு மூன்று வழக்குகளைப் புரிந்துகொள்வது உங்களுக்கு அதிகம் உதவும்.

முதலாவது விக்லைன் வழக்கு. லோயிஸ் விக்லைன் என்ற பெண்ணுக்கு வயிற்றுப் பெருந்தமனியின் கீழ்ப்பகுதியில் அடைப்பு. 1977 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் அறுவை நடந்தது. அவருக்குக் காப்பீடு மெடி-கால் என்ற மாநில அரசுத் திட்டம். அனுமதித்திருந்தது 10 நாள். சிக்கல்கள் வந்து மறுபடி மறுபடி அறுவை செய்ய வேண்டியிருந்தது. இன்னும் 8 நாள் இருக்க வேண்டும் என்று டாக்டர் படிவம் நிரப்பி அனுப்பினார். அதைப் பார்த்த நர்ஸால் தானாக ஒப்புக்கொள்ள முடியவில்லை, திட்டத்தின் ஆலோசக மருத்துவரிடம் ஃபோனில் கேட்டார். அவர் நோயாளியைப் பார்க்கவில்லை. 4 நாள் என்றார். நான்கு நாள் முடிந்தது, விக்லைன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வீட்டில் காலில் வலி அதிகமாகி நிறம் மாறியது. ஒன்பது நாளில் திரும்ப வந்தார். முதலில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள், பிறகு அதற்கும் மேலே.

அவர் மாநில அரசின் மீது வழக்குப் போட்டார். ஜூரி அவருக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தது. 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம்தான் முக்கியம். நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்ற முடிவு டாக்டருடையது. 4 நாள்தான் என்று வந்தபோது அவர் எதிர்ப்புத் தெரிவித்திருக்கலாம், நாள் முடிந்தபோது இன்னொரு படிவம் அனுப்பியிருக்கலாம். எதுவும் செய்யாமல் பணிந்துவிட்டு, "காப்பீடு சொன்னது" என்று கையைக் கழுவ முடியாது என்றது நீதிமன்றம். காப்பீட்டுத் தரப்பையும் அது முழுக்க விட்டுவிடவில்லை. முறையீடுகளைக் கண்மூடித்தனமாகத் தள்ளினால், அமைப்பின் கோளாறால் சிகிச்சை மறுக்கப்பட்டால், பணம் கட்டுபவரும் பொறுப்பாகலாம், செலவுக் கவலை மருத்துவத் தீர்மானத்தைக் கெடுக்க விடக்கூடாது என்றும் எழுதியது. ஆனால் இந்த வழக்கில் பணம் கட்டியவர் தப்பித்தார்.

நான் முதலில் சொன்ன விஷயம் அப்படியே இதில் தெரிகிறது. நாள் எத்தனை என்று தீர்மானித்தவர் ஃபோனில் இருந்தவர். பொறுப்பு கட்டிலருகே நின்றவருடையது. இது நியாயமா என்று என்னைக் கேட்டால் பாதி நியாயம் என்பேன். நோயாளியைப் பார்த்தவருக்குத்தான் அந்தக் காலின் நிறம் தெரியும். அவர் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? ஆனால் 4 நாள் என்று சொன்னவருக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன அல்லவா?

இரண்டாவது வழக்கு உங்கள் நினைப்பைக் குழப்பும். குழப்பட்டும் என்றுதான் சொல்கிறேன். நெலீன் ஃபாக்ஸ், கலிஃபோர்னியா, மார்பகப் புற்றுநோய், வேகமாகப் பரவியது. மிக அதிக அளவு கீமோ கொடுத்து, அவருடைய எலும்பு மஜ்ஜையையே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை அப்போது பெரிய நம்பிக்கையாக இருந்தது. ஹெல்த் நெட் என்ற ஹெச்.எம்.ஓ. இது இன்னும் பரிசோதனை நிலையில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பணம் தர மறுத்தது. உற்றார் உறவினர் ஊரெல்லாம் திரட்டி 2 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார்கள். சிகிச்சை நடந்தது. 1993 ஏப்ரலில் அவர் இறந்தார். அந்த டிசம்பரில் ஜூரி நிறுவனத்துக்கு எதிராக 89 மில்லியன் டாலர் தீர்ப்பளித்தது. நாடே கைதட்டியது. அதன் பிறகு வழக்குக்குப் பயந்து பல காப்பீட்டு நிறுவனங்கள் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தர ஆரம்பித்தன.

1999இல் ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. வழக்கமான கீமோவைவிட இந்தச் சிகிச்சை மேலானதல்ல. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே ஒரு ஆய்வுதான் பிரமாதமான பலன் காட்டியது. அதைச் செய்த வெர்னர் பெஸ்வோடா தரவுகளைத் திரித்தது 2000இல் அம்பலமானது. இதற்கிடையே பல்லாயிரம் பெண்கள் அந்தக் கொடுமையான சிகிச்சைக்குள் போய் வந்துவிட்டார்கள். சிலர் நோயால் அல்லாமல் அந்தச் சிகிச்சையாலேயே இறந்தார்கள்.

அப்படியானால் நன்மை செய்தவர் யார்? "சரி" என்று சொன்னவர்களா, "முடியாது" என்றவர்களா? நோயாளி கேட்பதையும் டாக்டர் விரும்புவதையும் கொடுப்பதுதான் பெனிஃபிசென்ஸ் என்று எடுத்துக்கொண்டால் இந்தக் கதையில் தடுக்கி விழுவீர்கள். உண்மையில் பலன் தருமா என்று பார்ப்பதும் கடமைக்குள் அடங்கியதுதான், அந்தக் கேள்வியைக் கேட்கும் ஓர் அமைப்பு தேவைதான். அதே சமயம் ஹெல்த் நெட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. செலவைக் குறைத்தால் மறுப்பவருக்குப் போனஸ் கிடைக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது என்று வழக்கில் பேசப்பட்டது. முடிவு சரியாகவே இருந்தாலும், அதை எடுத்தவரின் கை பணப்பெட்டிக்குள் இருந்தால் நோயாளி எதை நம்புவார்? அறிவியலை வைத்து மறுக்கும் உரிமை வேண்டுமானால் மறுப்பதில் சொந்த லாபம் இருக்கக் கூடாது. மேனேஜ்டு கேர் தன் நல்ல பெயரைத் தொலைத்தது இந்த இடத்தில்தான்.

லிண்டா பீனோ என்ற மருத்துவர் இதை உள்ளிருந்தே சொன்னவர். 1996இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவப் பரிசீலகராக இருந்தபோது 1987இல் ஒருவருக்குத் தேவைப்பட்ட அறுவையைத் தான் மறுத்ததாகவும், அவர் இறந்ததாகவும், அதனால் நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர் மிச்சமானதாகவும், தன்னை யாரும் கேள்வி கேட்கவில்லை, தனக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது என்றும் சாட்சி சொன்னார். அந்த நோயாளியை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

மூன்றாவது, பெக்ரம் எதிர் ஹெர்ட்ரிச், 2000இல் உச்ச நீதிமன்றம். சிந்தியா ஹெர்ட்ரிச்சுக்கு வயிற்று வலி. டாக்டர் தொட்டுப் பார்த்ததில் ஆறுக்கு எட்டு சென்டிமீட்டர் அளவில் வீங்கிய கட்டி. பக்கத்து ஆஸ்பத்திரியில் உடனே அல்ட்ராசவுண்டு எடுத்திருக்கலாம். எட்டு நாள் காத்திருந்து, 50 மைலுக்கும் அப்பால் ஹெச்.எம்.ஓ.வின் சொந்த மையத்தில் எடுக்கச் சொன்னார் டாக்டர். அந்த ஹெச்.எம்.ஓ.வுக்கு அங்கே வேலை பார்த்த டாக்டர்களே முதலாளிகள். ஆண்டு முடிவில் மிச்சம் அவர்களுக்குத்தான். எட்டு நாள் வருவதற்குள் குடல்வால் வெடித்தது.

மருத்துவக் கவனக்குறைவுக்காக அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது, அது தனி. உச்ச நீதிமன்றத்தில் கேள்வி வேறு: இப்படி ஊக்கத்தொகை வைத்துச் சிகிச்சையைக் குறைப்பது, உறுப்பினர்களின் நலனை மட்டுமே நாட வேண்டும் என்ற அறங்காவலர் கடமையை மீறுவதாகாதா? ஆகாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். சிகிச்சையை அளந்து கொடுக்கும் ரேஷன் இல்லாமல் ஹெச்.எம்.ஓ. இல்லை, அந்த ஏற்பாட்டை நாடாளுமன்றமே தெரிந்து ஊக்குவித்தது, அதை நீதிமன்றம் கலைக்க முடியாது என்பது சாரம். 1974இல் வந்த எரிசா என்ற தொழிலாளர் நலச் சட்டமும் சேர்ந்துகொள்ள, வேலை வழியாகக் கிடைக்கும் காப்பீட்டில் மறுப்பினால் வந்த உடல் சேதத்துக்கு மாநிலச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கும் வழி 2004இல் இன்னும் குறுகியது. மறுக்கப்பட்ட பலனைக் கேட்டு வாங்கலாம், அவ்வளவுதான். மறுத்ததால் இழந்ததற்கு ஈடு கேட்பது பெரும்பாலும் முடியாது.

ஆகவே உங்கள் கேள்விக்குச் சட்டத்தின் பதில் தெளிவு: காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தப்படி நடக்கக் கடமைப்பட்டது. நோயாளிக்கு நல்லது செய்யும் கடமை டாக்டருடையது. அறநெறியின் பதில் அதுவல்ல என்பது என் அபிப்பிராயம். ஒரு மனிதருக்கு எது தேவை, எது தேவையில்லை என்று சொல்லும் யாரும் மருத்துவத் தீர்ப்புச் சொல்கிறார். தீர்ப்புச் சொன்னால் கடமையும் சேர்ந்து வரும். பரிசீலகராக இருக்கும் டாக்டரும் நர்ஸும் பணியிடம் மாறிவிட்டதால் உறுதிமொழியைக் கழற்றி வைத்துவிட முடியாது.

இங்கே நீதி என்ற நான்காவது கோட்பாடு குறுக்கே வரும், வர வேண்டும். பொதி ஒன்று, உறுப்பினர்கள் லட்சம் பேர். ஒருவருக்கு வாரிக் கொடுத்தால் மற்றவருக்குக் குறையும். இந்த வாதத்தைக் காப்பீட்டுத் தரப்பு எப்போதும் வைக்கும். உண்மைதான், ஒரு நிபந்தனையோடு. மிச்சமாகும் பணம் பொதிக்கே திரும்பி மற்ற நோயாளிகளுக்குப் போக வேண்டும். பங்குதாரருக்குப் போனால் அதற்கு நீதி என்று பெயர் வைக்காதீர்கள். 2010ஆம் ஆண்டு ஒபாமா காலச் சட்டம் இதற்கு ஒரு வரம்பு போட்டது. பெரிய நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில் பிரீமியத்தில் 85 சதவீதமும், தனிநபர், சிறு குழுக் காப்பீட்டில் 80 சதவீதமும் சிகிச்சைக்கும் தரத்தை உயர்த்தவும் செலவாக வேண்டும். குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கூட்டத்துக்கு நல்லது செய்வதில் மேனேஜ்டு கேருக்கு உண்மையான பலமும் உண்டு, அதை மறைத்தால் பதில் முழுமையாகாது. வடக்குக் கலிஃபோர்னியா கைஸரில் ரத்தக்கொதிப்பு உள்ள உறுப்பினர்கள் எல்லோரையும் ஒரே பதிவேட்டில் சேர்த்தார்கள். மருந்து முறையை எளிமையாக்கினார்கள். பிரஷர் பார்க்க மட்டும் கட்டணமில்லாமல் வந்து போக ஏற்பாடு செய்தார்கள். 2001இல் 44 சதவீதம் பேருக்குத்தான் பிரஷர் கட்டுக்குள் இருந்தது. 2009இல் 80 சதவீதம் பேருக்கு. தனித்தனியாகக் கிளினிக் நடத்தும் டாக்டர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்கே வராத நோயாளியைத் தேடிப்போய் இதைச் செய்திருக்க முடியாது. பலகையில் ஆணி மடக்கிய கார்ஃபீல்டின் புத்தி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்றைய சண்டை பெரும்பாலும் முன் அனுமதியில்தான். முதியோருக்கான மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாக நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் 2022இல் மட்டும் 4 கோடியே 60 லட்சம் முன் அனுமதிக் கோரிக்கைகள் போயின. மறுக்கப்பட்டது சுமார் 7 சதவீதம். மறுப்புகளில் மேல்முறையீட்டுக்குப் போனது பத்தில் ஒன்றுதான். அப்படிப் போனவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் முழுதாகவோ பகுதியாகவோ மாற்றப்பட்டன. இந்த எண்களைச் சேர்த்துப் படியுங்கள். கேட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்திருக்கிறது, கேட்காமல் போனவர்கள் ஒன்பது மடங்கு. விக்லைன் டாக்டரின் மௌனம் இப்போது லட்சக்கணக்கில் நடக்கிறது. டாக்டர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதால் அல்ல. ஃபோனில் முக்கால் மணி நேரம் காத்திருக்க யாருக்கும் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

சில டாக்டர்கள் வேறு வழி எடுத்தார்கள், பொய். 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளிக்குத் தேவையானது கிடைப்பதற்காக நோயின் தீவிரத்தைக் கூட்டிச் சொல்வது, பில்லில் நோயின் பெயரை மாற்றுவது, இல்லாத அறிகுறியை எழுதுவது போன்றவற்றில் ஒன்றையாவது கடந்த ஆண்டில் அவ்வப்போது செய்ததாக 39 சதவீத டாக்டர்கள் ஒப்புக்கொண்டார்கள். இதையும் பெனிஃபிசென்ஸ் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அந்த டாக்டர்கள் மேல் கோபம் வரவில்லை. ஆனாலும் கூடாது என்பேன். பொய்யான குறிப்பு அந்த நோயாளியின் கோப்பிலேயே நிற்கும். அடுத்த டாக்டர் அதை நம்பி மருந்து எழுதுவார். அதோடு, எல்லோரும் கூட்டித்தான் எழுதுவார்கள் என்று தெரிந்தால் உண்மையை எழுதுபவரின் நோயாளிதான் முதலில் மறுக்கப்படுவார்.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஒரு வார்த்தை மட்டும். இந்தியாவில் ஹெச்.எம்.ஓ. முறை பெரிதாக வரவில்லை. ஆனால் கேஷ்லெஸ் சிகிச்சைக்கு, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைப் பார்க்கும் இடைநிறுவனமான டி.பி.ஏ.வின் ஒப்புதலுக்காக டிஸ்சார்ஜ் அன்று மாலை வரை பையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பேக்கேஜ் தொகைக்குள் அறுவை செய்யும் ஆஸ்பத்திரிகளுக்கும் முன் அனுமதி என்பது புதிய சொல் இல்லை. அங்கே நீங்கள் வேலைக்குச் சேரும்போது இதே கேள்வி வேறு படிவத்தில் உங்கள் மேஜைக்கு வரும்.

கடைசியாக என் வேலையிலிருந்து ஒன்று. இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த எண்பது வயதுப் பெண். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப டாக்டர் எழுதியிருந்தார். மறுப்பு வந்தது: வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்தால் போதும். எங்கள் டாக்டருக்குக் கோபம். காப்பீட்டின் டாக்டரோடு நேரடியாகப் பேச நேரம் கேட்டு வாங்கினேன். நானும் அந்த அழைப்பில் இருந்தேன். எங்கள் டாக்டர் ரத்தப் பரிசோதனை, எத்தனை அடி நடக்கிறார், வலி எவ்வளவு என்று எல்லாம் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதி. பிறகு அந்த டாக்டர் கேட்டார்: "வீட்டில் யார் இருக்கிறார்கள்? படி உண்டா?" தனியாகத்தான் இருக்கிறார், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. "இது உங்கள் குறிப்பில் எங்கேயும் இல்லையே" என்றார். அந்த அழைப்பிலேயே அனுமதி கொடுத்தார்.

நான் போய்க் குறிப்பைத் திறந்து பார்த்தேன். இருபத்தேழு பக்கம் அனுப்பியிருந்தேன். மாடிப்படி எதிலும் இல்லை. அந்த அம்மாள் சேர்ந்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தார், பூனைக்கு யார் சோறு வைப்பார்கள் என்ற கவலையோடு சேர்த்து. அதன் பிறகு ஒவ்வொரு குறிப்பிலும் முதல் வரி வீட்டைப் பற்றித்தான் எழுதினேன். எத்தனை படி, யார் கூட இருக்கிறார்கள், ராத்திரி எழுந்தால் கழிப்பறை எவ்வளவு தூரம்.